வன்னியில் பழைய சொகுசுக் கார் வாங்குமுன்: எதை, எந்த ஒழுங்கில் பார்ப்பது

வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் இரண்டாம் கையாக பென்ஸ், பி.எம்.டபிள்யூ., அவுடி வாங்கப் போகிறவர்களில் பலர் பார்க்க வேண்டியவற்றைத்தான் பார்க்கிறார்கள். பார்க்கும் ஒழுங்குதான் பிழைத்துவிடுகிறது. காரைக் கண்டு, ஓட்டிப் பார்த்து, விலை பேசி, முற்பணமும் கொடுத்த பிறகே பதிவுப் புத்தகத்தைக் கேட்கிறார்கள். ஓடிச் சூடேறிய எஞ்சினைக் கேட்டுவிட்டுச் சத்தம் இல்லை என்று மனம் நிறைகிறார்கள்.

கீழே உள்ள ஒழுங்குக்குக் காரணம் இருக்கிறது. செலவில்லாத சோதனைகள் முன்னால் வருகின்றன. ஒன்றைச் செய்தால் மற்றொன்று கெட்டுப்போகும் என்றால், கெடக்கூடியது முதலில் வருகிறது. பணம் எல்லாவற்றுக்கும் கடைசியில் வருகிறது.

1. காருக்கு முன் உங்கள் கணக்கும் வீட்டுக்குப் போகும் வழியும்

காருக்கு வயது ஏற ஏற அதன் விலை இறங்கும். உதிரிப்பாகத்தின் விலை இறங்காது. பத்து வருடம் ஓடிய பென்ஸ் ஈ கிளாஸ் காருக்கும் அதன் கியர் பொக்ஸ், காற்றழுத்தத்தால் காரைத் தாங்கும் காற்றுச் சஸ்பென்ஷன், முன் லைற்றுகள் ஆகியவற்றைப் புதிய ஈ கிளாஸ் காரின் தரத்துக்கான விலையிலேயே வாங்க வேண்டும். ஆகவே கையில் உள்ள பணம் முழுவதையும் காரின் விலையாக எண்ணக் கூடாது. வாங்கும் விலையில் குறைந்தது பத்தில் ஒரு பங்கை முதல் வருடத் திருத்த வேலைக்கென்று ஒதுக்கி, மிச்சத்துக்குள் கார் தேடுவதே என் ஆலோசனை. அப்படி ஒதுக்க முடியாவிட்டால் ஒரு படி இறங்கி, நல்ல டொயோட்டா பிரீமியோ அல்லது அலியன் வாங்குவது குடும்பத்துக்கு நிம்மதி.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. அதனால் சந்தையில் கைமாறும் சொகுசுக் கார்களில் மிகப் பெரும்பாலானவை 2019ஆம் ஆண்டுக்கோ அதற்கு முன்னைய ஆண்டுகளுக்கோ உரியவை. மீற்றரில் எண் குறைவாக இருந்தாலும் றப்பர், பிளாஸ்ரிக், பற்றரி ஆகியவை வயதால் பழுதாகியிருக்கும்.

அடுத்து உங்கள் வீட்டுக்குப் போகும் வழியைப் பாருங்கள். ஏ9 வீதி நன்றாக இருக்கலாம்; அதிலிருந்து இறங்கிப் போகும் கிரவல் ஒழுங்கைதான் காரின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. மாரியில் வண்டில் தடம்போல் பள்ளம் விழும் ஒழுங்கையில், தாழ்ந்த முன் பம்பரும் மெல்லிய ரயரும் உள்ள கார் நெடுநாள் தாங்காது. பல பி.எம்.டபிள்யூ. கார்களில் மேலதிகச் சில்லு கிடையாது. காற்றுப் போன பிறகும் ஏறக்குறைய 80 கிலோமீற்றர் வரை மெதுவாக ஓடக்கூடிய ரன்பிளாற் ரயர்களே இருக்கும். ஆனால் கிரவலில் ரயரின் பக்கச்சுவர் கிழிந்தால் அந்த வசதியால் பயனில்லை. மாங்குளத்துக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் இரவில் அப்படி நின்றால் என்ன செய்வது என்பதை வாங்குமுன் யோசிக்க வேண்டும்.

எரிபொருளும் இதே கணக்கில் சேரும். ஐரோப்பிய டர்போ பெற்றோல் எஞ்சின்கள் பெரும்பாலும் 95 ஒக்டேன் கேட்பவை. புகை வடிகட்டி உள்ள புதிய டீசல் எஞ்சின்கள் கந்தகம் குறைந்த சுப்பர் டீசலைக் கேட்பவை. சாதாரண டீசலைத் தொடர்ந்து அடித்தால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். நீங்கள் வழமையாகப் போகும் நிரப்பு நிலையத்தில் இவை தொடர்ந்து கிடைக்கின்றனவா என்று விசாரித்த பின்னரே எஞ்சின் வகையைத் தெரிவு செய்யுங்கள்.

2. கூட வரவேண்டிய ஆளும் கையில் இருக்கவேண்டிய பொருளும்

அந்த வகைக் காரையே வழமையாகத் திருத்தும் மெக்கானிக் ஒருவர் வேண்டும். ஹையேசும் ட்ரக்ரரும் மிக நன்றாகத் திருத்தும் ஒருவர் பென்ஸில் பார்க்க வேண்டிய இடத்தைத் தவறவிடலாம். அது அவருடைய குறையல்ல. விற்பவரோ தரகரோ காட்டும் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

பிரகாசமான கைவிளக்கு, சிறிய காந்தம், வெள்ளைத் துணி, தரையில் விரித்துப் படுக்க ஒரு மட்டை, அந்த வகைக் காரின் கணினிப் பெட்டிகளை வாசிக்கும் ஸ்கேனர் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். பெயின்றின் தடிப்பு அளக்கும் கருவி கிடைத்தால் இன்னும் நல்லது.

3. ஆவணங்கள்: காரைப் பார்க்கப் புறப்படுமுன்

கார் பெரும்பாலும் கொழும்பிலோ நீர்கொழும்பிலோ நிற்கும். வவுனியாவிலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 250 கிலோமீற்றர். கிளிநொச்சியிலிருந்து 300க்கு மேல். அவ்வளவு தூரம் போய் நின்றுவிட்டால், வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்ற எண்ணமே தவறான முடிவுக்குத் தள்ளும். ஆகவே பதிவுப் புத்தகத்தின் படத்தை வட்ஸ்அப்பில் கேட்டு, கீழ் உள்ளவற்றை வீட்டிலிருந்தே பாருங்கள். படம் அனுப்ப மறுப்பவரிடம் போக வேண்டிய தேவையில்லை.

முதலாவது, விற்பவர்தான் பதிவு செய்யப்பட்ட உரிமையாளரா என்பது. முன்னைய உரிமையாளர் கையொப்பமிட்டு, வாங்குபவரின் பெயரை எழுதாமல் விட்ட 'ஓபன் பேப்பர்' கைக்குக் கைமாறி வருவது நாட்டில் பெருவழக்கம். அந்தக் கையொப்பக்காரர் இறந்திருக்கலாம், வெளிநாடு போயிருக்கலாம், அல்லது பிறகு மறுக்கலாம். வன்னியில் இதற்கு இன்னொரு வடிவமும் உண்டு: உரிமையாளர் கனடாவிலோ சுவிற்சர்லாந்திலோ இருப்பார், ஊரில் உள்ள உறவினர் விற்பார். அப்போது அற்றோணித் தத்துவத்தைக் கேளுங்கள். அதில் வாகனத்தை விற்கும் அதிகாரம் எழுதப்பட்டிருக்கிறதா, அது இன்னும் நடைமுறையில் உள்ளதா என்பதை ஒரு நொத்தாரிசிடம் காட்டி உறுதி செய்யுங்கள். "அண்ணைதான் சொல்லிவிட்டவர்" என்பது ஆவணம் ஆகாது.

இரண்டாவது, லீசிங். புத்தகத்தில் நிதி நிறுவனத்தின் பெயர் உரிமையாளராகப் பதிந்திருந்தால், கடன் முடிந்தது என்ற கடிதம் மட்டும் போதாது; மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவிலிருந்தும் அந்தப் பெயர் நீக்கப்பட்டிருக்க வேண்டும். கடன் இன்னும் இருந்தால், நிதி நிறுவனத்துக்குரிய தொகையை நீங்களே நேரடியாக அங்கு செலுத்தி, மிச்சத்தை மட்டும் விற்பவரிடம் கொடுப்பது பாதுகாப்பானது.

மூன்றாவது, கார் பேர்மிட்டில் இறக்கப்பட்டதா என்பது. அரச அலுவலர்களுக்கும் மற்றவர்களுக்கும் வரிச் சலுகையில் வழங்கப்பட்ட வாகனங்களைக் குறித்த காலத்துக்குள் பெயர் மாற்ற முடியாது. அந்தத் தடை முடிந்துவிட்டதா என்று திணைக்களத்தில் கேட்க வேண்டும்.

நான்காவது, புத்தகமே உண்மையானதா என்பது. பொய்யான ஆவணங்களால் பதிவு செய்யப்பட்ட சொகுசு வாகனங்களைப் பொலிஸார் கைப்பற்றிய செய்திகள் அண்மைய ஆண்டுகளில் திரும்பத் திரும்ப வந்துள்ளன. புத்தகத்தின் படத்தோடு நின்றுவிடாமல், கட்டணம் செலுத்தித் திணைக்களப் பதிவிலிருந்தே அந்த வாகனத்தின் விவரத்தைப் பெறுங்கள். நிறம், எஞ்சின் இலக்கம், செசி இலக்கம், உற்பத்தி ஆண்டு ஆகியவை இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். உற்பத்தி ஆண்டும் பதிவு ஆண்டும் வேறானவை. விலை பேசும்போது விற்பவர் பெரும்பாலும் பதிவு ஆண்டையே சொல்வார்.

வருடாந்த வரிப் பத்திரம், புகைச் சோதனைச் சான்றிதழ், காப்புறுதி ஆகியவை நடப்பில் உள்ளனவா, பழைய வரி நிலுவை உண்டா என்பதையும் கேட்டு வையுங்கள். பிறகு செசி இலக்கத்தைக் கொடுத்து முகவர் நிறுவனத்திடம் சேவிஸ் பதிவு இருக்கிறதா என்றும், காற்றுப் பைக்கான மீள் அழைப்பு நிலுவையில் உள்ளதா என்றும் விசாரியுங்கள். மீள் அழைக்கப்பட்ட டகாடா நிறுவனத்தின் காற்றுப் பைகள் பென்ஸ், பி.எம்.டபிள்யூ., அவுடி, டொயோட்டா ஆகிய எல்லாவற்றிலும் வந்திருப்பதால் இந்தக் கேள்வியைத் தவிர்க்கக் கூடாது.

4. போனவுடன் பொனற்றைத் தொட்டுப் பாருங்கள்

விற்பவரிடம் முதல் நாளே, நாங்கள் வரும்வரை எஞ்சினை ஸ்ராற் பண்ண வேண்டாம் என்று சொல்லுங்கள். போய் இறங்கியதும் கையை பொனற்றில் வையுங்கள். சூடாக இருந்தால் காரணம் கேளுங்கள். தேநீர் குடித்துவிட்டு வெளிப்புறச் சோதனையைத் தொடங்கி, எஞ்சினை ஆறவிடுங்கள். எஞ்சினுக்குள் வால்வுகளை இயக்கும் டைமிங் செயினின் கிலுகிலுப்பு, தேய்ந்த எஞ்சினின் நீலப் புகை, தளர்ந்த பற்றரி ஆகியவை ஆறிய எஞ்சினில் முதல் சில வினாடிகளில்தான் தெரியும். அந்த வினாடிகளை இழந்தால் அன்று அவை திரும்பி வருவதில்லை.

ஸ்ராற் பண்ணுமுன் ஒயில் மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பால் தேநீர் நிறத்தில் பசை இருந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம். கறுத்த தார்போலப் படிந்திருந்தால் ஒயில் மாற்றாமல் ஓடியிருக்கிறார்கள். றேடியேற்றர்த் தண்ணீரின் நிறத்தையும் பாருங்கள். வெறும் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி ஓடிய கார்களில் உள்ளே துருவும் வெள்ளைப் படிவும் இருக்கும். வன்னியின் கச்சான் காலத்து வெக்கையில் அந்தக் குளிர்விப்புத் தொகுதிதான் முதலில் தோற்கும்.

இப்போது ஒருவர் ஸ்ராற் பண்ண, மற்றவர் பின்னால் நின்று புகையைப் பாருங்கள். நீலம் என்றால் ஒயில் எரிகிறது. வெள்ளைப் புகை எஞ்சின் சூடேறிய பிறகும் நிற்காவிட்டால் தண்ணீர் உள்ளே போகிறது. கறுப்பு என்றால் எரிபொருள் சரியாக எரியவில்லை. சாவியைத் திருப்பும்போது எயார் பாக் விளக்கு எரிந்து சில வினாடிகளில் அணைய வேண்டும். முதலில் எரியவே இல்லை என்றால், யாரோ அதை வேண்டுமென்றே இல்லாமல் செய்திருக்கலாம்.

5. உடம்பும் வெள்ளத்தின் அடையாளமும்

இந்தப் பகுதியில் அவசரப்பட வேண்டாம். சொகுசுக் காரில் கணினிப் பெட்டிகள் பலவும் சீற்றுக்கு அடியிலும் டிக்கியின் தரையிலும் இருக்கும். சாதாரணக் கார் முழங்கால் தண்ணீரில் நின்று காய்ந்து மீளலாம். இந்தக் கார்களுக்கு அதே தண்ணீர் மாதங்கள் கழித்து ஒவ்வொரு பெட்டியாகப் பழுதாக்கும். 2016 மே மாதம் களனி கங்கை பெருகிக் கொழும்பின் புறநகர்கள் மூழ்கின. 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கின. பிறகும் வெள்ளங்கள் வந்தன. தண்ணீரில் நின்ற கார் கழுவி மினுக்கி வேறு மாவட்டத்தில்தான் விற்பனைக்கு வரும்.

சீற் பெல்ற்றை முழுவதுமாக இழுத்து, கடைசி முழத்தில் வெள்ளைத் துணியால் துடையுங்கள். கார் முழுவதும் ஷம்பூ போட்டவர்களும் பெல்ற்றின் அந்த அடிப்பகுதியை மறந்துவிடுவதுண்டு. அங்கே மண் நிறக் கோடு இருந்தால், தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்பதை அது சொல்லும். சீற்றின் தண்டவாளத் திருகுகளில் துரு, டிக்கித் தரையின் கீழே வண்டல், கம்பளத்தின் அடிப் பஞ்சில் ஈரம் அல்லது புழுங்கல் மணம் ஆகியவற்றைத் தேடுங்கள். உள்ளே வாசனைத் திரவியம் கூடுதலாக அடித்திருந்தால் கண்ணாடிகளை மூடி, பத்து நிமிடம் வெளியே நின்றுவிட்டுத் திரும்ப ஏறி மணந்து பாருங்கள்.

விபத்து பார்ப்பதற்குக் காந்தம் உதவும்: அடிபட்ட இடத்தைப் புட்டி என்ற பசையால் தடிப்பாக நிரப்பியிருந்தால் அங்கே அது ஒட்டாது. ஆனால் தவறான இடத்தில் வைத்துப் பலர் ஏமாறுகிறார்கள். 2014க்குப் பிந்திய பென்ஸ் சி கிளாஸில் பொனற், கதவுகள், டிக்கி மூடி ஆகியவை அலுமினியம். எப் 10 வகை பி.எம்.டபிள்யூ. 5 சீரிஸிலும் பொனற்றும் கதவுகளும் அலுமினியமே. அங்கே காந்தம் ஒட்டாதது இயல்பு, அதைப் புட்டி என்று எண்ணக் கூடாது. அளவு கருவி இருந்தால், தொழிற்சாலைப் பெயின்ற் பொதுவாக 90 முதல் 160 மைக்ரோன் வரை காட்டும். ஓரிடத்தில் மட்டும் 300ஐத் தாண்டினால் அங்கே வேலை நடந்திருக்கிறது. கண்ணாடிகளின் மூலையில் அச்சிட்ட ஆண்டுகள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒன்று மட்டும் வேறானால், அந்தப் பக்கக் கதவைக் கூர்ந்து பாருங்கள்.

ரயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கம் அது செய்த வாரத்தையும் ஆண்டையும் காட்டும்: 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம். பூ நிறைய இருந்தாலும் ஆறு ஏழு வருடமான ரயரைப் புதிதாக மாற்றும் செலவாகவே கணக்கிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களின் விடுமுறைக்காக மட்டும் கொட்டிலில் நிறுத்தி வைத்த கார்களில் ரயர் தட்டையாகியும், வயர்களை எலி கடித்தும் இருக்கும். 'ஓடவே இல்லை' என்பது எப்போதும் நல்ல செய்தியல்ல.

கலியாண ஹயருக்கு ஓடிய காரை அடையாளம் காண, பொனற்றின் முன் விளிம்பையும் கதவுக் கைபிடிகளின் உட்புறத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். மாலையும் ரிபனும் ஒட்டிய பிசின் அங்கே சொரசொரப்பாக மிஞ்சியிருக்கும். ஹயர் ஓடியதே குற்றமல்ல. மறைத்தால் மீற்றரையும் நம்ப முடியாது.

6. ஸ்கேனர்: ஓட்டுவதற்கு முன்னும் பின்னும்

எல்லாக் காருக்கும் பொதுவான மலிவுக் கருவி எஞ்சினை மட்டும் வாசிக்கும். கியர் பொக்ஸ், பிறேக், சஸ்பென்ஷன், காற்றுப் பை ஆகிய எல்லாப் பெட்டிகளையும் வாசிக்கும் கருவிதான் தேவை. பென்ஸுக்கு சென்ட்ரி, பி.எம்.டபிள்யூ.வுக்கு இஸ்டா, அவுடிக்கு ஒடிஸ் ஆகியவை நிறுவனங்களின் சொந்த மென்பொருட்கள். அவற்றுக்கு இணையான வேறு கருவிகளும் உள்ளன.

பிழைக் குறியீடே இல்லாத பழைய கார் என்றால் மகிழ்வதற்கு முன் இன்னொன்றைப் பாருங்கள். குறியீடுகளை அழித்தால் எஞ்சினின் சுய சோதனைகள் 'முடியவில்லை' என்ற நிலைக்குத் திரும்பும். அவை முடியச் சில நாள் ஓட்டம் தேவை. பல சோதனைகள் முடியாத நிலையில் இருந்தால் அண்மையில் யாரோ அழித்திருக்கிறார்கள், அல்லது பற்றரியைக் கழற்றியிருக்கிறார்கள். ஓட்டிவிட்டு வந்து இரண்டாம் முறை வாசிப்பதும் இதற்காகத்தான். மீற்றரின் எண் வேறு பெட்டிகளிலும் பதிந்திருக்கும். அவற்றோடு டாஷ்போர்ட் எண் ஒத்துப்போகாவிட்டால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

7. ஓட்டம்

பாட்டை நிறுத்தி, ஏசியைப் போட்டு, குறைந்தது அரை மணி நேரம் ஓட்டுங்கள். நகரத்துக்கு வெளியே கார்களுக்கு 70 கிலோமீற்றர் வேக எல்லை. சில்லுச் சமநிலைக் குறையும் சஸ்பென்ஷனில் உள்ள றப்பர்ப் புஷ் தேய்ந்த அதிர்வும் அந்த வேகத்துக்குள்ளேயே தெரியும். கியர் மாறுவது கையில் உணரப்படக் கூடாது. இரண்டாம் கியரிலிருந்து முதலாவதுக்கு இறங்கும்போது பின்னாலிருந்து தள்ளியதுபோல் உணர்ந்தால் கியர் பொக்ஸை நம்பாதீர்கள். கியர் ஒயில் ஆயுளுக்கும் போதும் என்று விற்பவர் சொல்வார். பி.எம்.டபிள்யூ. உட்படப் பல கார்களுக்குக் கியர் பொக்ஸ் செய்யும் இசட்.எப். நிறுவனமே 80,000 முதல் 120,000 கிலோமீற்றருக்குள் அல்லது எட்டு வருடத்தில் மாற்றச் சொல்கிறது.

பிறகு மெதுவாகக் கிரவல் துண்டு ஒன்றில் ஓட்டுங்கள். தார் வீதியில் மௌனமாக இருக்கும் சஸ்பென்ஷன் ஆர்ம், புஷ், ஷொக் அப்சோபர் எல்லாம் அங்கே சத்தமிடும். ஏசி நண்பகலில் நிறுத்தி நிற்கும்போதும் குளிர வேண்டும். "காஸ் அடிச்சால் சரி தம்பி" என்று சொல்லப்படும் ஏசியில் பெரும்பாலும் கொம்பிரசரோ கண்டன்சரோதான் பழுது.

8. அடிப்பகுதி

அருகில் உள்ள சேவிஸ் நிலையத்தில் காசு கொடுத்துக் காரைத் தூக்கிப் பாருங்கள். ஒயில் கசிவு, வெல்டிங் செய்த இடம், கல் அடித்த எஞ்சின் தட்டு, உடைந்த பிளாஸ்ரிக் மூடிகள் ஆகியவை இங்கேதான் தெரியும். மன்னார், முல்லைத்தீவுக் கரையோரத்தில் நின்ற காரில் பிறேக் குழாய்களையும் சஸ்பென்ஷன் பொருத்துகளையும் உப்புத் துருவுக்காகத் தனியாகப் பாருங்கள்.

காற்றுச் சஸ்பென்ஷன் உள்ள காரை இரவு நிறுத்தி, காலையில் நான்கு மூலைகளின் உயரத்தையும் அளக்க வேண்டும். ஒரு மூலை தாழ்ந்திருந்தால் அங்கே காற்றுப் போகிறது; அதை ஈடுசெய்ய ஓடி ஓடிக் கொம்பிரசரும் விரைவில் போய்விடும்.

9. மொடலுக்குரிய பலவீனங்கள்

இரண்டாயிரங்களின் தொடக்கம் முதல் ஒரு பத்தாண்டுக்கு மேல் பென்ஸ் சி 180, சி 200, ஈ 200 கார்களில் வந்த எம்271 பெற்றோல் எஞ்சினில் டைமிங் செயின் நீளும். பி.எம்.டபிள்யூ. 320டீ, 520டீ கார்களில் ஏறக்குறைய 2007 முதல் 2014 வரை வந்த என்47 டீசல் எஞ்சினுக்கும் அதே நோய் உண்டு. அதில் செயின் எஞ்சினின் பின்புறம், கியர் பொக்ஸ் பக்கமாக இருப்பதால் திருத்தக் கூலி பல மடங்காகும். 2008ஐ அடுத்த சில ஆண்டுகளின் அவுடி ஏ4 இரண்டு லீற்றர் பெற்றோல் எஞ்சின் ஒயில் குடிக்கும். ஏறக்குறைய 2002 முதல் 2006 வரை வந்த பென்ஸ் ஈ கிளாஸில் மின்னணுப் பிறேக் பம்பு தன் பயன்பாட்டை எண்ணி வைத்திருக்கும். அந்த எண்ணிக்கை முடிந்தால் மாற்ற வேண்டும்.

பென்ஸ் சி 350ஈ, பி.எம்.டபிள்யூ. 330ஈ, 530ஈ போன்ற, வெளியிலிருந்து சார்ஜ் செய்யக்கூடிய பிளக்-இன் ஹைபிரிட்கள் வரிச் சலுகைக் காலத்தில் நிறைய வந்தன. அவற்றின் பற்றரிகள் முறையே 6.2, 7.6, 9.2 கிலோவாற் மணி அளவிலானவை. முதல் நாள் இரவு முழுமையாகச் சார்ஜ் செய்யச் சொல்லி, மின்சாரத்தில் மட்டும் எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறது என்று நீங்களே ஓட்டிப் பாருங்கள். பத்தைத் தொடாவிட்டால் பற்றரி மாற்றும் செலவை விலையில் கழிக்க வேண்டும். சார்ஜ் கேபிளும் இரண்டு சாவிகளும் காரோடு இருக்கின்றனவா என்பதையும் அப்போதே பாருங்கள்.

10. விலை, பணம், பெயர் மாற்றம்

கண்ட குறைகளுக்கு உதிரிப்பாக விலையைத் தொலைபேசியில் கேட்டு, தாளில் எழுதி, அந்தத் தாளை வைத்துப் பேசுங்கள். பொதுவாக 'கொஞ்சம் குறையுங்கோ' என்று கேட்டால் சிறு தொகைதான் குறையும். எழுதிய கணக்குக்கு விற்பவரும் கணக்கோடுதான் பதில் சொல்ல வேண்டிவரும்.

பணத்தை வங்கி ஊடாகக் கொடுங்கள். பெயர் மாற்றத்துக்கான எம்.டி.ஏ. 6, எம்.டி.ஏ. 8 படிவங்களில் விற்பவர் தனக்குரிய இடங்களில் உங்கள் முன்னிலையில் கையொப்பமிட வேண்டும். திகதியும் உங்கள் பெயரும் அப்போதே நிரப்பப்பட வேண்டும். விற்பவரின் அடையாள அட்டைப் பிரதியோடு, கார் கைமாறிய திகதியையும் நேரத்தையும் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். அதற்கு முன்னைய விபத்தும் தண்டப் பணமும் உங்கள் தலையில் விழாமல் இருக்க இதுதான் ஆதாரம். பெயர் மாற்றத்தை 14 நாட்களுக்குள் செய்யுங்கள். காப்புறுதி உங்கள் பெயரில் வரும்வரை காரை வடக்கு நோக்கி ஓட்டிவர வேண்டாம்.

ஊருக்கு வந்ததும் எஞ்சின் ஒயில், கியர் ஒயில், பிறேக் திரவம், றேடியேற்றர்த் திரவம், வடிகட்டிகள் ஆகியவற்றை மாற்றி, திகதியையும் மீற்றர் எண்ணையும் குறித்து வையுங்கள். ஆயிரம் கிலோமீற்றர் ஓடிய பிறகு மீண்டும் ஸ்கேனரில் வாசியுங்கள். விற்பனைக்காக அழிக்கப்பட்டு, முதல் நாளில் காட்டாத குறியீடுகள் அதற்குள் திரும்ப வந்திருக்கும்.